மொட்டையர் பிட்டி

இப்போது அகதி விசாரணைகள் பெரும்பாலும் கணினித் திரையில் நடக்கின்றனவாம். கோரிக்கையாளர் ஒரு வீட்டின் சமையலறையில், தீர்ப்புச் சொல்லும் சபை உறுப்பினர் இன்னொரு வீட்டின் மாடியறையில், மொழிபெயர்ப்பாளர் வேறெங்கோ. போன மாதம் பழைய சக ஊழியர்கள் கூடிய மதியச் சாப்பாட்டில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளை இதைச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டாள்:

"அன்ரி, நீங்கள் எல்லாம் ஒரே ரூமுக்குள்ள இருந்து செய்தனீங்கள் என்ன? It must have been so intense. உங்களுக்கு மறக்கேலாத கேஸ் எது?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இரகசியம் காப்போம் என்று நாங்கள் எடுத்த சத்தியம் வேலையை விட்டால் விட்டுப்போவதல்ல. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். தீவின் பெயரை எழுதப்போவதில்லை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் கிடக்கிற தீவுகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நான் ஆங்கிலம் படிப்பித்தேன். ரொறொன்ரோவுக்கு வந்து, பார்க்டேலில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்து, முதல் இரண்டு குளிர்காலமும் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்தேன். பிறகு மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பரீட்சை எழுதினேன். பாஸ். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பயிற்சி என்றால் மிஸஸ் ஹோர்வத்தான்.

மொழிபெயர்ப்பாளர் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. உயரமான, ஒல்லியான மனுஷி. எந்த வெயிலிலும் கழுத்தில் ஒரு சால்வை இருக்கும். ஹங்கேரியிலிருந்து சிறுமியாகத் தகப்பனின் கையைப் பிடித்து எல்லை கடந்து வந்தவர். விசாரணை அறைக்குள் சத்தமில்லாமல் நுழைந்து கடைசிக் கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நித்திரை என்று நினைப்போம். வெளியே வந்ததும் சொல்வார்: "ராஜி, அந்த மனிதர் 'போல' என்ற மாதிரி ஒரு சொல்லை மூன்று முறை சொன்னார். உன்னுடைய ஆங்கிலத்தில் அது ஒரு முறைதான் வந்தது." அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பிடித்துவிடுவார்.

தன் தகப்பனின் கதையை அவர் எல்லாப் புதியவர்களுக்கும் சொல்வார். எல்லை முகாமில் தகப்பன் எழுந்து நின்று, ஏன் ஊரை விட்டு வந்தார், யார் யாரை விட்டு வந்தார் என்று கைகளை ஆட்டி நெடுநேரம் பேசினாராம். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் அதிகாரியின் பக்கம் திரும்பி, "ஆம் என்கிறார்" என்றாராம். இதைச் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

அவர் வைத்த விதிகள் கடுமையானவை. கோரிக்கையாளர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்லவேண்டும். "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. நம்முடைய சார்பில் ஏதாவது சொல்லவேண்டி வந்தால், "மொழிபெயர்ப்பாளர் பேச அனுமதி கேட்கிறார்" என்று மூன்றாம் ஆளைப்போலச் சொல்லவேண்டும். ஒலிப்பதிவுப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதற்குக் கண் இல்லை, ஆகவே யாராவது தலையாட்டினால் வாயால் பதில் வரும்வரை காத்திருக்கவேண்டும். இடைவேளையில் கோரிக்கையாளரோடு ஒரு சொல்லும் கூடாது. வாசலில் கண்டால் வேறு பக்கம் போகவேண்டும். ஒருமுறை ஒரு தாய் அழத் தொடங்கியபோது என்ன செய்வதென்று தெரியாமல், "அவர் அழுகிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். மிஸஸ் ஹோர்வத் வெளியே வந்து என் தோளைத் தொட்டு, "அழுகை ஆங்கிலத்திலும் அப்படித்தான் இருக்கும், ராஜி" என்றார்.

அந்த முதல் வருடத்தில் என்னைத் தடுமாற வைத்த சொல் 'பெடியள்'. ஒரு வயதானவர் சாட்சி சொன்னார்: "பெடியள் வந்து அரிசி கேட்டவை, குடுத்தனான்." நான் "பையன்கள் வந்து அரிசி கேட்டார்கள்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னேன். உறுப்பினர் கனிவாகக் கேட்டார்: "பசித்த பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் என்ன பயம்?" ஊரில் யாருக்கும் விளங்கும், பெடியள் என்றால் துவக்கோடு வந்த இயக்கக்காரர் என்று. ஆனால் அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா? அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்தேன், லோயர் எழும்பி, "எந்தப் பெடியள்?" என்று கேட்டு விஷயத்தை நேராக்கினார். மிஸஸ் ஹோர்வத்திடம் போய்க் கேட்டபோது அவர் யோசித்துச் சொன்னார்:

"அந்த மனிதரின் மனதில் இருப்பது அவருடையது. அதைப் பற்றி நீ பேசாதே. நீ வாயால் சொன்ன சொல் உன்னுடையது. அது சரியாகப் போய்ச் சேரவில்லை என்று தோன்றினால், அந்தச் சொல்லைப் பற்றி மட்டும் பேசு. அதற்கு மேல் ஒரு அடியும் வைக்காதே."

சொல்லக் கேட்டபோது சுலபமாகத்தான் இருந்தது.

பிலோமினாவின் விசாரணை ஒரு மார்ச் மாதம் நடந்தது. வெளியே பனி உருகி வீதியெல்லாம் கறுப்புச் சேறாகக் கிடந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. கடற்கரைக்காரரின் கறுத்த, திடமான கைகள். யாரோ கொடுத்த, தோள் பெரிதான கோட்டு. புருஷன் கடல் தொழிலுக்குப் போன படகோடு திரும்பி வரவில்லை. தீவை ஆமி பிடித்தபோது இரண்டு பெண்பிள்ளைகளோடு வள்ளத்தில் வெளிக்கிட்டவர், வழியில் அடையாள அட்டை முதற்கொண்டு எல்லாவற்றையும் கடலில் விட்டுவிட்டார். பிள்ளைகள் மடுக் கோயில் முகாமில், அவருடைய தமக்கையோடு அகதியாக இருந்தார்கள். இங்கே ஏற்றுக்கொண்டால்தான் அவர்களைக் கூப்பிடலாம். சின்னவளுக்குத் தாயின் முகம் மறக்கத் தொடங்கிவிட்டது என்று தமக்கை சொல்லியனுப்பியிருந்தாராம். இதையும் அவர் விசாரணையில் சொன்னார். நான் "என் முகம் அவளுக்கு மறக்கத் தொடங்கிவிட்டது" என்று என் வாயால் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த அறையில் ஜன்னல் இல்லை. லாட வடிவில் மேசைகள், மூலையில் கொடி, தண்ணீர்க் கூஜா, கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி. எதிரே இரண்டு உறுப்பினர்கள். தலைமை தாங்கியவர் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. ஒவ்வொரு பதிலையும் எழுதி முடித்த பிறகுதான் அடுத்த கேள்விக்கு விடுவார். பக்கத்தில் ஓய்வு பெறும் வயதில் ஒரு வெள்ளைக்காரர். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஒரு பக்கம் கேள்வி கேட்கும் அலுவலர், மறுபக்கம் பிலோமினாவின் லோயர். நான் பிலோமினாவுக்குப் பக்கத்தில், கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டு. பைபிளில் சத்தியம் செய்யச் சொன்னபோது அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி முத்தமிட்டுவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

அந்த நாட்களில் ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். வேறெங்கோ இருந்து வந்தவர்கள் தாங்கள் சண்டை நடந்த ஊர் என்று சொல்கிறார்களோ என்பது. அடையாள அட்டை இல்லாதவர்களிடம் ஆகவே ஊரைப் பற்றிக் கேட்பார்கள். அலுவலர் நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். அவர் கேட்டார்:

"உங்கள் தீவில் என்னென்ன வழிபாட்டு இடங்கள் இருக்கின்றன?"

"அந்தோனியார் கோயில். அதுதான் எங்கட. மாதா கோயில் வடக்குப் பக்கம். பேந்து சைவக்காரற்ற பிள்ளையார் கோயில், அம்மன் கோயில். வைரவர் சூலம் கன இடத்தில இருக்கு."

"வேறு?"

"வேற இல்லை."

"பௌத்த மொனஸ்ற்றி ஏதாவது இருக்கிறதா?"

மொனஸ்ற்றி என்றால் துறவிகள் சேர்ந்து வாழும் இடம். இதற்கு நான் எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது? மடம் என்றால் எங்கள் ஊரில் வழிப்போக்கர் தங்கும் இடம், அல்லது கன்னியாஸ்திரிகள் இருக்கும் மடம். பௌத்தம் என்று வந்தபடியால், யாரும் போடக்கூடிய சொல்லைத்தான் போட்டேன்.

"உங்கட தீவில பௌத்த விகாரை இருக்கா?"

பிலோமினாவின் முகம் மாறியது. அதுவரை மேசையைப் பார்த்துப் பேசியவர் நிமிர்ந்தார்.

"இல்லை. எங்கட தீவில விகாரை இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை."

அலுவலர் தன் கோப்பைப் புரட்டினார். தீவைப் பற்றிய குறிப்பு ஒன்றை வாசித்தார். இந்தத் தீவு முற்காலத்துப் பௌத்தத் துறவிகளின் மடத்துக்காக அறியப்பட்டது. அதன் இடிபாடுகள் ஊரில் யாரும் காணத்தக்க இடத்தில் இருக்கின்றன. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அம்மா, இதைக் கேட்ட பிறகு உங்கள் பதிலை மாற்ற விரும்புகிறீர்களா?"

"நான் ஏன் மாத்த? அங்க கோயில்தான் இருக்கு. விகாரை எண்டு ஆர் எழுதினதெண்டாலும் அது பொய்."

நான் அதை அப்படியே சொன்னேன். கோபத்தையும் சேர்த்து. லோயரின் பேனை நின்றுவிட்டது. தலைமை உறுப்பினர் ஒரு வரி எழுதி அதன் கீழே கோடு இழுத்தார். நான் யாழ்ப்பாணப் பட்டணத்துக்காரி. அந்தத் தீவுக்கு ஒரு முறையும் போனதில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. ஆனால் அந்த "இல்லை"யின் சத்தம் எனக்குத் தெரியும். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் விகாரை என்றால் ஆமிக் காம்ப் வாசலில், முட்கம்பிக்குப் பக்கத்தில், புதிதாக வெள்ளையடித்து நிற்கிற ஒன்று. அதைத்தான் என் சொல் அவருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தது.

அடுத்த கேள்விக்கு அலுவலர் வாயெடுத்துவிட்டார். குறுக்கிட்டால் மொழிபெயர்ப்பாளர் தன் ஆளுக்கு உதவுகிறார் என்ற பேர் வரும். அந்தப் பேர் வந்தவர்களுக்குப் பிறகு அழைப்பு வராது. அந்த விசாரணையே குழம்பினாலும் குழம்பும். குறுக்கிடாவிட்டால் கோட்டின் மேலே இருக்கிற அந்த வரி அப்படியே இருந்துவிடும்.

"மொழிபெயர்ப்பாளர் பேச அனுமதி கேட்கிறார்."

தலைமை உறுப்பினர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "பேசலாம்."

"அலுவலர் கேட்டது மொனஸ்ற்றி. மொழிபெயர்ப்பாளர் அதற்கு 'விகாரை' என்ற சொல்லைப் பாவித்தார். அது பெரும்பாலும் இன்று சிலையும் பிக்குவும் இருந்து வழிபாடு நடக்கிற இடத்தைக் குறிக்கும். பழைய இடிபாட்டை மக்கள் வேறு பெயரால் சொல்லக்கூடும். இந்தத் தீவில் என்ன பெயர் என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது. கேள்வியை வேறு விதமாகக் கேட்க முடியுமா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்."

அலுவலர் உடனே சொன்னார், மரியாதையாகத்தான்: "இது மொழிபெயர்ப்பா, சாட்சியமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது."

தலைமை உறுப்பினர் ஒலிப்பதிவை நிறுத்தி இடைவேளை விட்டார். மிஸஸ் ஹோர்வத்துக்கு ஆள் போனது.

எல்லாரும் வெளியே வந்தோம். நடைவழியின் கடைசியில் ஒரு ஜன்னல் இருந்தது. நான் அங்கே போய் நின்றேன். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால் பிலோமினா. அவர் கண்ணில் பயம்.

"அக்கா, நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ? அவை ஏன் எழும்பிப் போட்டினம்?"

விளக்கமாக ஒரு வசனம் சொன்னால் போதும், அந்த முகம் தெளிந்துவிடும். அதே ஒரு வசனம் அவருடைய வழக்கைக் கெடுத்தும்விடும்.

"நான் உங்களோட கதைக்கக்கூடாது தங்கச்சி. குறை நினைக்காதேங்கோ."

அவர் என்னைப் பார்த்தபடியே இரண்டு அடி பின்னால் போனார். தமிழ் தெரிந்த ஒரே ஆளும் முகத்தைத் திருப்பினால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. லோயர் வந்து அவர் கையைப் பிடித்து ஒரு வாங்கில் இருத்தினார். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே ஸ்ற்றீற்கார் ஒன்று சேற்றை வாரியிறைத்துக்கொண்டு போனது.

மிஸஸ் ஹோர்வத் சால்வையைச் சரிசெய்தபடி வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே உள்ளே போய் ஒலிப்பதிவைக் கேட்டார். எங்களைத் திரும்ப அழைத்தபோது அவர் எழுந்து நின்று சொன்னார்:

"இவர் தன்னுடைய சொல்லைப் பற்றி மட்டும் பேசினார். அது இவருடைய கடமை. அந்தப் பெண்ணின் பதிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் இவரை நானே வெளியே அழைத்துப் போயிருப்பேன்."

தலைமை உறுப்பினர் தலையசைத்தார். அலுவலரும் "எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றார். கேள்வியை எப்படிக் கேட்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த வயதான உறுப்பினர் கையை உயர்த்தினார்.

"நான் கேட்கலாமா? உங்கள் தீவில், உங்களுடைய கோயிலைவிடப் பழையதாக, மனிதர் கையால் கட்டிய இடம் ஏதாவது இருக்கிறதா?"

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை; பிலோமினா சொல்லத் தொடங்கிவிட்டார்.

"பிட்டி இருக்கு ஐயா. மொட்டையர் பிட்டி."

எங்கள் பக்கத்தில் பிட்டி என்றால் மேடு. நான் ஆங்கிலத்தில் "தலை மழித்தவர்களின் மேடு" என்று சொன்னேன். அலுவலர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"யார் அந்தத் தலை மழித்தவர்கள்?"

"அது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு முந்தி அங்க இருந்தவையாம். கலியாணம் கட்டாத ஆக்கள். ஒருநேரம்தான் சாப்பிடுவினமாம், அதுவும் மத்தியானத்துக்கு முன்னம். ஊர்ப் பொம்பிளையள் சோத்தைக் கொண்டுபோய்ப் படியில வைச்சிட்டு, திரும்பிப் பாக்காமல் வரவேணுமாம். எங்கட அம்மா அப்பிடித்தான் சொல்லுறவ. கடலில எடுத்த கோறைக்கல்லால வட்டமாக் கட்டின மேடு. இப்ப பாதி சரிஞ்சுபோச்சு. சின்னனில நாங்கள் அதில ஏறி விளையாடினா அடி விழும்."

"அவர்கள் எந்தச் சமயத்தவர்?" என்றார் தலைமை உறுப்பினர்.

"எந்தச் சமயமெண்டு எனக்குச் சொல்லத் தெரியாது மேடம். நல்ல ஆக்களாம்."

பிறகு அவர் நிற்கவில்லை. நான் குறிப்பெடுத்துக் குறிப்பெடுத்துப் பின்னால் ஓடினேன். போர்த்துக்கீசப் பறங்கியர் காலத்தில் சாமிமார் வந்து அந்தோனியார் கோயில் கட்டியபோது பிட்டியிலிருந்துதான் கல் எடுத்தார்களாம். கோயில் வாசலில் அரைவட்டமாக ஒரு படிக்கல் கிடக்கிறது. அது கோறைக்கல் அல்ல, தீவில் கிடைக்காத கருங்கல். கலியாணம் கட்டிய சோடி அதில் இரண்டு காலையும் வைத்து நின்றுதான் உள்ளே போகவேண்டும். தானும் அப்படித்தான் நின்றவர். பிறகு ஒல்லாந்தர் வந்து, கத்தோலிக்கப் பூசை கூடாதென்று கோயிலைப் பூட்டினார்களாம். அப்போது சாமிமார் வியாபாரிகளைப்போல வேஷம் போட்டு வள்ளத்தில் வந்து, பிட்டியின் பின்பக்கம் மறைவில்தான் பூசை வைத்தார்களாம். சைவக்காரர் அதே பிட்டியின் கிழக்கே வைரவருக்குச் சூலம் நட்டிருக்கிறார்கள். அவர்களின் பொங்கலுக்கு வேதக்காரரான கிறிஸ்தவர்களும் தேங்காய் கொடுப்பார்கள்.

அலுவலர் குறுக்கிடவேயில்லை. எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்:

"நான் முதலில் கேட்டபோது ஏன் இதைச் சொல்லவில்லை?"

பிலோமினா ஆச்சரியத்தோடு பார்த்தார். "நீங்கள் கேட்டது விகாரையை. அது ஆமிக் காம்போட வாறது. பிட்டி எங்கட." குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இதை விகாரை எண்டு எழுதுவியளோ? எழுதாதேங்கோ. பிறகு அவை வந்து தங்கட எண்டு சொல்லிப்போடுவினம்."

நான் இதை ஆங்கிலத்தில் சொன்னேன். தலைமை உறுப்பினர் பேனையைக் கீழே வைத்தார்.

"நாங்கள் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்கப்போவதில்லை. நீங்கள் அந்த இடத்திலிருந்து வந்தவரா என்பதுதான் எங்கள் கேள்வி."

"வேற எங்க இருந்து மேடம் நான் வாறது?"

வழமையாக முடிவு எழுத்தில்தான் வரும், அதற்கு வாரக்கணக்காகும். சில வேளைகளில் மட்டும் அங்கேயே வாயால் சொல்வார்கள். இரண்டு உறுப்பினர்களும் வெளியே போய்ச் சிறிது நேரத்தில் திரும்பி வந்தார்கள். வயதானவர்தான் பேசினார்.

"நான் பிறந்ததும் ஒரு சிறிய தீவில், ஸ்கொற்லாந்துக்கு மேற்கே. எங்கள் தீவுக்குக் கிறிஸ்தவம் கொண்டுவந்த துறவிகள் கல்லால் கட்டியிருந்த மடம் ஒன்று அங்கே உண்டு. படித்தவர்கள் அதைப் பார்க்கக் கப்பலில் வருவார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஆட்டுப்பட்டி. அது மடம் என்பது எனக்குப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும். அம்மா, நாங்கள் உங்களை நம்புகிறோம். உங்கள் கோரிக்கையை ஏற்றுக்கொள்கிறோம்."

துறவிகளையும் ஆட்டுப்பட்டியையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டேன். "நாங்கள் உங்களை நம்புறம்" என்ற இடத்தில் குரல் வரவில்லை. அத்தனை வருட வேலையில் அப்படி ஆனது அந்த ஒருமுறைதான். தலைமை உறுப்பினர் அவசரப்படுத்தவில்லை. கூஜாவிலிருந்து தண்ணீரை ஊற்றி, கிளாஸை மேசைக்குக் குறுக்கே என் பக்கம் தள்ளினார். குடித்துவிட்டுச் சொல்லி முடித்தேன்.

பிலோமினா இரண்டு உறுப்பினர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப என்ர பிள்ளையள்?"

"கூப்பிடலாம்" என்றார் தலைமை உறுப்பினர். நான் தமிழில் சொல்லுமுன்பே பிலோமினாவுக்கு அது விளங்கிவிட்டது.

அன்று பின்னேரம் மிஸஸ் ஹோர்வத்தின் அறைக்குப் போனேன். பாராட்டுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன். அவர் தேசிக்காய்த் துண்டு போட்ட தேநீரை என் முன்னால் வைத்தார்.

"அந்த மேட்டுக்கு என்ன பெயர் சொன்னாள்?"

"பிட்டி."

"பித்தி."

"பிட்டி."

நாக்கை மேலண்ணத்தில் மடிக்கப் பலமுறை முயன்று பார்த்தார். வரவில்லை. "என் அப்பாவுக்கு வந்திருக்கும்" என்றார். "அவர் எந்தச் சத்தத்தையும் பிடிப்பார், பறவைச் சத்தம்கூட." அவ்வளவுதான். சால்வையின் நுனியால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த நாள் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் ஓய்வு பெற்று மகளோடு இருக்கப் போய்விட்டார்.

பிலோமினாவை நான் திரும்பக் கண்டது தொண்ணூறுகளின் கடைசியில். அப்போது நாங்கள் ஸ்காபரோவுக்குக் குடிமாறியிருந்தோம். ஒக்ரோபர் மாதக் கடைசிச் சனிக்கிழமை, தமிழ்க்கடையில் மீன் வெட்டும் இடத்தில் வரிசையில் நிற்கிறேன். முன்னால் ஒரு பெண், வளர்ந்த இரண்டு பெண்பிள்ளைகளோடு. திரும்பினார். இருவருக்கும் உடனே தெரிந்துவிட்டது. பழக்கத்தில் நான் கண்ணை எடுத்து வேறெங்கோ பார்த்தேன்.

அவர் ஒரு கணம் நின்றார். பிறகு மிகவும் மரியாதையாக, முன்பின் அறியாத ஒருவரிடம் பேசுவதுபோலச் சொன்னார்:

"வணக்கம் அக்கா. என்ர பேர் பிலோமினா. இவை என்ர மகள்மார். நாங்கள் தீவார். நீங்கள் எந்த இடம்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "நான் ராஜி" என்றேன். "யாழ்ப்பாணப் பட்டணம். சந்திச்சதில சந்தோஷம்."

அப்படித்தான் நாங்கள் பழக்கமானோம். விசாரணையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வேலைத்தலத்தில் குனிந்து குனிந்து பெட்டி அடுக்கி முதுகு பிடிப்பது, மூத்தவளுக்குப் பல்கலைக்கழக ஆசை, சின்னவள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வது, இவைதான் எங்கள் கதை. நவம்பர் தொடக்கத்தில் மரித்த ஆத்துமாக்களின் நாள் வந்தது. சேமக்காலைக்குப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்றார். என் கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். நாங்கள் எரிக்கிறவர்கள், எனக்குப் போய் நிற்க ஒரு கல்லறை இல்லை. போனேன்.

கத்தோலிக்கச் சேமக்காலையின் நடுவில் பெரிய சிலுவை ஒன்று. சொந்தக்காரரை வேறு நாட்டில் புதைத்தவர்கள் அதன் காலடியில்தான் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். போர்த்துக்கீசர், பிலிப்பினோக்கள், எங்கள் ஆட்கள். காற்று பிசாசாக அடித்தது. கண்ணாடிக் குவளைக்குள் வைத்தும் திரிகள் அணைந்து அணைந்து எரிந்தன.

பிலோமினா புருஷனுக்கு ஒன்று ஏற்றினார். தாய்க்கு ஒன்று. ஒன்றும் கேட்காமல் என் கையில் ஒன்றைத் தந்தார். நானும் ஏற்றி வைத்தேன். பிறகு பையிலிருந்து இன்னும் ஒன்றை எடுத்தார்.

"இது ஆருக்கு?" என்றேன்.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பூசைக்கு வந்திருந்த சாமியாருக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல என் காதருகே வந்து சொன்னார்.

"மொட்டையருக்கு. அம்மாவும் ஒவ்வொரு வருஷமும் கொளுத்திறவ, ஆருக்கும் சொல்லுறேல்லை. அவையள் கலியாணம் கட்டாத ஆக்கள் அக்கா. பிள்ளையில்லை, குட்டியில்லை. நாங்கள் கொளுத்தாட்டி அவையளுக்கு ஆர் கொளுத்திறது?"

"அம்மா, it's freezing, போவம்" என்றாள் சின்னவள். "இது ஆருக்கு, அப்பாவுக்கா?"

"இல்லையடி. எங்கட ஊரில முந்தி இருந்த ஆக்களுக்கு."

"என்ன பேர்?"

"பேர் தெரியாது."

சின்னவள் அந்தக் குவளையைப் பார்த்தாள். காற்றில் சுடர் சரிந்து நீலமாகச் சுருங்கியது. அவள் கையுறைகளைக் கழற்றி வாயில் கடித்துக்கொண்டு, குந்தியிருந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அதைச் சுற்றி மறைத்தாள். சுடர் நிமிரும்வரை நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம்.